1.8 பிளாக், 1.6 ஹெட்: கலப்பு இன்ஜினில் பவர் எங்கிருந்து வருகிறது

கேள்வி இதுதான்: "ஹோண்டா இன்டெக்ராவில் வந்த விடெக் (உயர்ந்த வேகத்தில் வால்வுகளை அதிகமாகத் திறக்கும் ஹோண்டா அமைப்பு) இல்லாத 1.8 லிட்டர் இன்ஜின், பி18பி, என்னிடம் இருக்கிறது. அதே குடும்பத்து 1.6 விடெக் இன்ஜினான பி16ஏ-வின் ஹெட் (வால்வுகள் உள்ள மேல்பாகம்) ஒன்றும் கிடைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே இன்ஜினாகக் கட்டினால் பவர் கூடுமா? எவ்வளவு கூடும்? எதில் கவனமாக இருக்க வேண்டும்?"

கூடும். சரியாகக் கட்டினால் 142 குதிரைத்திறன் இன்ஜின் 170-ஐத் தாண்டும். ஆனால் அந்தக் கூடுதல் பவர் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பானரைக் கையில் எடுக்காதீர்கள். கலப்பு இன்ஜின்கள் உடைவது பெரும்பாலும் பாகங்கள் மட்டமாக இருப்பதால் இல்லை. இரண்டு வேறு வடிவமைப்புகள் தொட்டுக்கொள்ளும் இடத்தை யாரும் அளந்து பார்க்காததால்தான் உடைகின்றன.

முதலில் பவர் கணக்கு. உங்கள் பி18பி 6300 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6300 சுற்று) 142 குதிரைத்திறன் தருகிறது. அந்த வேகத்தில் அதன் டார்க், அதாவது சுழற்றும் விசை, ஏறக்குறைய 160 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் வேகம் ஏற ஏற இந்த ஹெட்டும் கேமும் (வால்வுகளைத் திறக்கும் முகடுகள் உள்ள தண்டு) போதுமான காற்றை உள்ளே விடுவதில்லை. டார்க் சரிகிறது, பவரும் கூடவே இறங்குகிறது. விடெக் ஹெட்டில் போர்ட்டுகள் காற்றை நன்றாக விடுகின்றன, மேல் வேகத்துக்கென்று தனி கேம் முகடும் இருக்கிறது. அந்த ஹெட் டார்க்கை ஒரு நியூட்டன் மீட்டர்கூட உயர்த்த வேண்டாம். அதே 160-ஐ 7600 ஆர்பிஎம் வரை விடாமல் பிடித்து வைத்தாலே போதும், 171 குதிரைத்திறன் வந்துவிடும். பவர் என்பது டார்க்கையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆக நீங்கள் கட்டப்போவது டார்க் எங்கே சரியத் தொடங்குகிறதோ அந்த இடத்தை மேலே தள்ளிவைத்த இன்ஜின். கீழ் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. இதை இப்போதே மனதில் வைத்துக்கொண்டால் பிறகு ஏமாற்றம் இருக்காது.

இந்த யோசனை புதிதும் அல்ல, திருட்டு வழியும் அல்ல. கார் கம்பெனிகளே இதைச் செய்திருக்கின்றன. 1967-இல் கமாரோ இசட்/28 காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்தபோது ஷெவர்லேவுக்கு 305 கன அங்குலம், அதாவது 5 லிட்டர், என்ற வரம்பு இருந்தது. 327 இன்ஜினின் 4 அங்குல போருக்கு (சிலிண்டரின் விட்டம்) 283 இன்ஜினின் 3 அங்குல ஸ்ட்ரோக்கைச் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) சேர்த்தார்கள், 302 பிறந்தது. பெரிய போர், குட்டை ஸ்ட்ரோக், அதனால் உயர்ந்த வேகம். ஃபோர்டு 1969-இல் பாஸ் 302-க்காகச் சிறிய வி8 பிளாக்கின் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பாகம்) மேல் கிளீவ்லாண்ட் வகையின் பெரிய வால்வு ஹெட்டை வைத்தது. போல்ட் துளைகள் பொருந்தின, குளிர்நீர் போகும் வழிகள் பொருந்தவில்லை. அதற்காக ஹெட்டை மாற்றி வார்த்தார்கள். தனிப்பட்டவர்கள் கட்டியவற்றில் புகழ்பெற்றது ஷெவர்லே 383. 350 பிளாக்கை 0.030 அங்குலம் பெரிதாகப் போர் செய்து, 400 இன்ஜினின் 3.75 அங்குல ஸ்ட்ரோக் கிராங்கை (பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) உள்ளே வைப்பார்கள். அந்தக் கிராங்கின் மெயின் ஜர்னல் (பிளாக்கின் பேரிங்கில் உட்காரும் பகுதி) 2.65 அங்குலம், பிளாக்கோ 2.45 அங்குலத்துக்கு ஆனது. கடைந்து சிறிதாக்கினால்தான் உட்காரும். எல்லாக் கதைகளிலும் இதே பாடம்தான் திரும்ப வருகிறது: சேர்க்கை சுலபம், சேரும் இடத்தில்தான் வேலை.

இனி உங்கள் இன்ஜினின் அடிப்பாகம். மற்ற எதையும்விட இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பி18பி-யின் போர் 81 மி.மீ., ஸ்ட்ரோக் 89 மி.மீ. பி16ஏ-வின் போரும் அதே 81, ஸ்ட்ரோக் மட்டும் 77.4. போர் ஒன்றாக இருப்பதால்தான் ஹெட் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் 8000 ஆர்பிஎம்முக்கு மேலும் சுற்றும் அந்த ஹெட்டுக்குக் கீழே இப்போது 11.6 மி.மீ. நீண்ட ஸ்ட்ரோக் இருக்கிறது. 8000 ஆர்பிஎம்மில் பி16ஏ-வின் சராசரி பிஸ்டன் வேகம் விநாடிக்கு 20.6 மீட்டர். உங்கள் கிராங்கில் அதே ஆர்பிஎம்முக்கு 23.7 மீட்டர்.

சராசரி வேகத்தைவிட முக்கியமானது, பிஸ்டன் மேல் முனையில் நின்று திரும்பும் அந்தக் கணம். 89 மி.மீ. ஸ்ட்ரோக்கும் 137 மி.மீ. ராடும் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) உள்ள இன்ஜினில், 6800 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 3050 மடங்கு. 8000-இல் 4200 மடங்கு. வேகம் 18 சதவீதம்தான் கூடியது, இழுவிசை 38 சதவீதம் கூடிவிட்டது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். பிஸ்டன், பின், ரிங், ராடின் மேல் பகுதி எல்லாம் சேர்த்து அரை கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அந்த ராடை 2 டன்னுக்கு மேற்பட்ட விசை இழுக்கிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் அதைத் தாங்கிப்பிடிக்க மேலே அழுத்தமும் கிடையாது. முழுச் சுமையும் ராட் போல்ட்டுகள் இரண்டின் மேல் விழுகிறது. இந்தச் சேர்க்கையில் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு ராட் வெளியே வந்த இன்ஜின்களைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஹெட் பழுதில்லாமல் இருக்கும். பழைய போல்ட்டுகள்தான் நீண்டு அறுந்திருக்கும்.

அதனால் என் கருத்து இது. பழைய ராடும் பழைய போல்ட்டும் என்றால் 7200-க்கு மேல் போகாதீர்கள். நல்ல தரமான புதிய ராட் போல்ட் போட்டால் 7600 வரை போகலாம். போல்ட்டை மாற்றியவுடன் ராடின் பெரிய கண்ணை மறுபடி ஹோன் செய்து வட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். புதிய போல்ட்டின் இறுக்கம் வேறு என்பதால் கண் இலேசாகக் கோணும். இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பிறகு பேரிங் சுற்றிக்கொண்டது என்று வருந்துகிறார்கள். 8000 வேண்டும் என்றால் ஃபோர்ஜ்டு, அதாவது உலோகத்தை அடித்து உருவாக்கிய, ராட் வாங்குங்கள். அதில் குறுக்குவழி எனக்குத் தெரிந்து கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹோண்டா தன் விடெக் பிளாக்குகளில் பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீய்ச்சும் ஜெட்டுகளை வைத்தது, கிராங்கைப் பிடித்திருக்கும் மெயின் கேப்களை ஒன்றோடொன்று இணைக்கும் பாலத்தை வைத்தது, நாக் சென்சார் (கலவை தாறுமாறாக வெடிப்பதை உணரும் கருவி) வைத்தது. உங்கள் பி18பி-யில் இவை எதுவும் இல்லை. 6800 வரை மட்டுமே சுற்றும் இன்ஜினுக்கு அவை தேவைப்படவில்லை. நீங்கள் ஹெட்டை மட்டும் மாற்றும்போது, அந்த ஹெட்டின் வேகத்துக்காக ஹோண்டா கீழே செய்து வைத்த பாதுகாப்புகளைப் பழைய இன்ஜினிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

இப்போது இரண்டும் சேரும் இடம். முதலில் எண்ணெய்.

விடெக் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்கிறது. குறிப்பிட்ட வேகத்தில் சொலினாய்டு (மின்சாரத்தால் திறக்கும் வால்வு) திறக்க, அழுத்தத்தோடு வரும் எண்ணெய் ராக்கர் கைகளுக்குள் உள்ள பின்களைத் தள்ளி மூன்றையும் ஒன்றாகப் பூட்டுகிறது; வால்வுகள் பெரிய முகட்டின் மேல் ஓடத் தொடங்குகின்றன. அந்த எண்ணெய் விடெக் பிளாக்கில் உள்வழியாகவே மேலே வரும். உங்கள் பிளாக்கில் அந்த வழி இல்லை. ஆகவே ஹெட்டின் அடிமுகத்தில் உள்ள அந்தத் துளையை மரை வெட்டி அடைக்க வேண்டும். பிளாக்கின் பின்புறம் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டி இணைப்பு வைத்து, அங்கிருந்து எஃகுப் பின்னல் குழாய் ஒன்றை ஹெட்டில் சொலினாய்டு பக்கம் கொண்டுபோக வேண்டும். கேம் பேரிங்குகளுக்கு எண்ணெய் வழக்கமான வழியிலேயே வந்துவிடும். துளையிட்ட பிறகு ஹெட்டை முழுவதுமாகக் கழுவுங்கள். உள்ளே தங்கிய ஓர் அலுமினியச் சீவல் போதும், சொலினாய்டு பாதியில் சிக்கி நின்றுவிடும். ஆயில் பம்ப்பையும் விடெக் இன்ஜினுடையதாக மாற்றுங்கள். அது அதிகம் தள்ளும்.

ஹெட்டை இடத்தில் நிறுத்தும் டவல் பின்கள் இரண்டு இன்ஜினிலும் ஒரே இடத்தில் இல்லை. ஹெட்டில் புதிய இடத்தில் துளையிட வேண்டும். இதைக் கை டிரில்லால் செய்யாதீர்கள். மில்லிங் மெஷினில், கேஸ்கெட்டை வைத்து எல்லாத் துளைகளும் நேராக விழுகின்றனவா என்று பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. ஹெட் ஸ்டட்டும் இந்தச் சேர்க்கைக்கென்றே வருவது கிடைக்கிறது, அதையே போடுங்கள்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற விகிதம். இதில் ஊகத்துக்கு இடமே கிடையாது.

ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 458.6 சிசி. பிஸ்டன் மேல் முனையில் இருக்கும்போது அதற்கு மேலே மிச்சம் 51 சிசி இருந்தால் விகிதம் 10. மிச்சம் 45.9 சிசி என்றால் விகிதம் 11. வித்தியாசம் வெறும் 5 சிசி. 81 மி.மீ. போரில் 1 மி.மீ. உயரம் என்பது 5.15 சிசி. அதாவது கேஸ்கெட் தடிப்பிலோ பிஸ்டன் உயரத்திலோ ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கம்ப்ரஷன் ஒரு முழு எண் மாறிவிடுகிறது. அட்டவணையில் படித்த எண்ணை நம்பி பிஸ்டன் வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான். ஹெட்டை முன்பு யாராவது சீவியிருக்கலாம், வால்வு சீட் ஆழமாக வெட்டப்பட்டிருக்கலாம். பியூரெட்டும் துளையிட்ட பிளாஸ்டிக் தகடும் வைத்து ஹெட்டின் நான்கு எரிப்பு அறைகளையும் திரவம் ஊற்றி அளந்து எழுதுங்கள். பிஸ்டன் தலையின் குழியையும் மேட்டையும் அப்படியே அளங்கள். பிஸ்டன் மேல் முனையில் பிளாக் முகத்துக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். இந்த மூன்றும் கேஸ்கெட்டின் நசுங்கிய தடிப்பும் இருந்தால் விகிதம் தானாகக் கிடைக்கும்.

பிஸ்டன் உயரம் எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதற்கு இதே குடும்பத்திலேயே ஓர் அருமையான உதாரணம் உண்டு. பி18பி-யில் பாதி ஸ்ட்ரோக் 44.5, ராட் 137, கூட்டினால் 181.5 மி.மீ. பி18சி விடெக் இன்ஜினில் பாதி ஸ்ட்ரோக் 43.6, ராட் 137.9, அதுவும் 181.5. ஸ்ட்ரோக்கைக் குறைத்த அளவு ராடை நீட்டி, பிளாக் உயரத்தை 212 மி.மீ.யிலேயே வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் "விடெக் ராட் பலமானது" என்று பி18சி ராடை பி18பி கிராங்கில் மாட்டினால் பிஸ்டன் 0.9 மி.மீ. மேலேறும். ஹெட் கேஸ்கெட் நசுங்கிய பிறகு அதன் தடிப்பே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். பிஸ்டன் போய் ஹெட்டில் முட்டும். ராடும் கிராங்கும் ஜோடி, தனித்தனியாகத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பம்ப் பெட்ரோலில் தெருவில் ஓட்டும் காருக்கு 10.5-க்கும் 11-க்கும் இடையில் நிறுத்துவது நல்லது. நாக் சென்சார் இல்லாத பிளாக் என்பதை மறக்க வேண்டாம். 12-க்கு ஆசைப்பட்டு, பிறகு இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளி ஓட்டினால் கிடைத்த பவரும் போய்விடும்.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் வைத்துப் பார்க்கும் பழைய முறையே போதும். பிஸ்டன் தலையில் மென்களிமண் ஒட்டி, ஹெட்டை இறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, பிரித்து, மெல்லிய இடத்தை வெட்டி அளக்க வேண்டும். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. குறையாமல் இருக்கட்டும். ஆனால் விடெக் ஹெட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கையால் சுற்றும்போது எண்ணெய் அழுத்தம் இல்லாததால் வால்வுகள் சிறிய முகட்டில்தான் ஓடும். பெரிய முகட்டில் எவ்வளவு இறங்குகின்றன என்று தெரியாது. சொலினாய்டு வழியில் காற்றழுத்தம் கொடுத்தோ, ராக்கர் பின்களைத் தற்காலிகமாகப் பூட்டியோதான் சோதிக்க வேண்டும். இதைச் செய்யாமல் "இடிக்கவில்லை" என்று மூடிய இன்ஜின், முதல்முறை விடெக் பிடிக்கும்போது வால்வை வளைக்கும்.

டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் ஒரே குடும்பத்தின் ஜோடியாக இருக்கட்டும். பிளாக் உயரம் பி18சி-யுடையது, ஹெட் விடெக்குடையது. எனவே பி18சி பெல்ட்தான் பொருந்தும். ஹெட்டையோ பிளாக்கையோ சீவியிருந்தால் கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள தூரம் குறைந்து கேம் டைமிங் சற்றுப் பிந்தும். டிகிரி சக்கரம் வைத்துப் பாருங்கள், தேவைப்பட்டால் அட்ஜஸ்ட் செய்யும் கேம் கியர் போடுங்கள்.

எரிபொருள், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இரண்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடெக்கை இயக்கத் தெரிந்த இசியு வேண்டும். ஆனால் பி16ஏ-வின் இசியுவை அப்படியே மாட்டினால், 1595 சிசி இன்ஜினுக்கு எழுதிய எரிபொருள் கணக்கு 1834 சிசி இன்ஜினுக்குப் போகும். கொள்ளளவு மட்டுமே 15 சதவீதம் கூடியிருக்கிறது. முழு திராட்டிலில் கலவை மெலிந்து பிஸ்டன் உருகும். வைட்பேண்ட் சென்சார் (கலவையின் விகிதத்தை அளப்பது) வைத்து டைனோவில் (பவரை அளக்கும் கருவி) டியூன் செய்யுங்கள். முழுச் சுமையில் பெட்ரோலுக்குக் காற்று விகிதம் 12.6-இலிருந்து 13.2-க்குள் நிற்கட்டும். விடெக் மாறும் புள்ளியையும் டைனோதான் சொல்ல வேண்டும்: சிறிய முகட்டின் டார்க் கோடும் பெரிய முகட்டின் கோடும் வெட்டிக்கொள்ளும் இடமே சரியான இடம். பெரிய ஸ்ட்ரோக் காற்றை முன்பே கேட்பதால் பி16ஏ-வில் இருந்ததைவிடச் சற்றுக் கீழே அது வரும்.

இதே போக்கில் வேறு சேர்க்கைகளையும் கேட்பவர்கள் உண்டு. பி20 பிளாக்கில் விடெக் ஹெட் வைத்தால் 1973 சிசி கிடைக்கும், டார்க் நன்றாக இருக்கும். ஆனால் போர் 84 மி.மீ.; சிலிண்டர் சுவர் மெலிது, உயர்ந்த வேகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். டொயோட்டாவில் 7ஏ பிளாக்கின் மேல் 4ஏ-ஜிஇ ஹெட்: போர் இரண்டிலும் 81, ஸ்ட்ரோக் 77-இலிருந்து 85.5 ஆகிறது, கதை ஏறக்குறைய உங்களுடையதேதான். நிசானில் ஆர்பி30 பிளாக்கின் மேல் ஆர்பி25 அல்லது ஆர்பி26-இன் இரட்டை கேம் ஹெட். பிளாக் உயரம் அதிகமானதால் நீண்ட பெல்ட்டும் டென்ஷனர் இடமாற்றமும் தேவை. எனக்கு மிகவும் பிடித்தது ஹோண்டாவின் கே குடும்பம். 2354 சிசி கே24 பிளாக்கின் மேல் கே20 டைப் ஆர் வகை ஹெட் வைத்தால் எண்ணெய் வழிகள் தாமாகவே பொருந்துகின்றன, வெளிக்குழாய் வேண்டாம். அங்கேயும் 99 மி.மீ. ஸ்ட்ரோக் இருக்கிறது, 8000-இல் சராசரி பிஸ்டன் வேகம் விநாடிக்கு 26.4 மீட்டர். பேலன்ஸ் ஷாஃப்ட்டோடு (அதிர்வைக் குறைக்கும் தண்டு) வரும் கே24 ஆயில் பம்ப்பை எடுத்துவிட்டு கே20 பம்ப்பைப் போடுவது அதனால்தான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் பி18பி-யின் அடிப்பாகம் தேய்ந்திருந்தால் இந்த வேலையில் இறங்காதீர்கள். முதலில் கம்ப்ரஷன் சோதனை, லீக்டவுன் (சிலிண்டரிலிருந்து காற்று எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும்) சோதனை செய்யுங்கள். போர் செய்து, புதிய பிஸ்டன், ராட், பேரிங் என்று போட வேண்டிய நிலை என்றால், முழு பி18சி ஒன்றைத் தேடுவதே அறிவு. அது 1797 சிசி, உங்கள் கலப்பைவிட 37 சிசி மட்டுமே குறைவு. ஜெட், பாலம், எண்ணெய் வழி, நாக் சென்சார் எல்லாம் தொழிற்சாலையிலேயே வைத்து வந்தது. அடிப்பாகம் நல்ல நிலையில் ஏற்கெனவே கையில் இருப்பவருக்குத்தான் கலப்பு இன்ஜின் லாபம்.

கட்டியே தீருவது என்றால், ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜெக்டர் இணைப்பை எடுத்துவிட்டு, கேஜில் எண்ணெய் அழுத்தம் ஏறும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். முதல் ஓட்டத்தில் அந்த வெளிக்குழாயின் இரண்டு முனைகளிலும் கை வைத்துக் கசிவு பாருங்கள். 4000-ஐத் தாண்டாமல், திராட்டிலைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டி ரிங்குகளை உட்கார வையுங்கள். பிறகு எண்ணெயை மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். பளபளக்கும் பேரிங் துகள் இருந்தால் டைனோவுக்குப் போக வேண்டாம், ஆயில் பேனை இறக்குங்கள்.